நாலு கம்பிக்கு ஓர் ஆள்

தோட்டத்தில் பாட ஆள் கேட்டால் லயத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். ஒக்டபேட் தட்ட ஒரு தம்பி இருப்பான், கீபோட்டுக்கு ஒரு மாஸ்டர் கிடைப்பார், லீட் கிட்டாருக்குப் போட்டியே நடக்கும். பேஸ் கிட்டார் என்று சொன்னால் மட்டும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் கோவில் திருவிழாக் கச்சேரிக்காக ஒரு குழுவைக் கட்டிப் பார்த்த எவருக்கும் இது பழகிய காட்சி. அப்படியே ஒருவர் கிடைத்தாலும், கச்சேரியன்று பின்னேரம் நாலு மணிக்கு அவர் போனை எடுக்கமாட்டார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டிக்கார பேஸ்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து நம்பகமானவராக மாற்றுவது கஷ்டம். நம்பகமான ஒருவரைப் பிடித்து பேஸ்காரராக்குவது சுலபம். கச்சேரிக்குத் தேவையான அளவுக்கு விரல் ஆறு மாதத்தில் பழகும். சொன்ன நேரத்துக்கு வருகிற குணத்தை ஆறு மாதத்தில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

இதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 1961-ல் பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஸ்டுவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்க விலகிப்போனார். குழுவில் வேறு யாருக்கும் அந்த வாத்தியத்தின்மேல் ஆசை இல்லை. கிட்டாரும் பியானோவும் வாசித்துக்கொண்டிருந்த பால் மக்கார்ட்னி அதை எடுத்துக்கொண்டார். வெளியிலிருந்து யாரையும் கூட்டிவரவில்லை. கூடவே இருந்தவர், எல்லாப் பாட்டும் தெரிந்தவர், தினமும் வந்துகொண்டிருந்தவர் பக்கத்துக் கம்பிக்கு மாறினார், அவ்வளவுதான்.

ஏன் இந்தப் பஞ்சம்?

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் அது விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கர் அந்தச் சத்தத்தை வெளியே விடாது. கோவில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரும் விடாது. போனில் பாட்டுக் கேட்டு வளர்கிற பிள்ளை, அந்தப் பாட்டில் பேஸ் என்று ஒன்று ஓடுவதையே கேட்டிருக்கமாட்டான். கேட்காத ஒன்றுக்கு ஆசை எப்படி வரும்? அதனால் உங்கள் குழு பேஸுக்காக முதலில் வாங்கவேண்டியது கிட்டார் அல்ல, காதை முழுதாக மூடுகிற ஒரு நல்ல ஹெட்போன். அதை ஒரு கெட்டிக்காரத் தம்பியின் காதில் மாட்டி, இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். கீழே ஓடுகிற அந்த இன்னொரு மெட்டைப் பிடித்துக்கொண்டால் அவன் முகமே மாறும். அந்த முகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இளையராஜாவின் பாடல்களில் பேஸ், அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்காது. பாடுகிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடக்கும். அவர் குழுவில் பேஸ் வாசித்த சசிதரன், ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் ஆகிய பெயர்களைச் சபையில் கேட்டால் நூற்றில் ஒருவருக்குத் தெரியலாம். ஆனால் அவர்கள் வாசித்த பகுதி இல்லாமல் அதே பாட்டை மேடையில் போட்டுப் பாருங்கள். சபைக்குக் காரணம் தெரியாது, பாட்டு மெலிந்துவிட்டது மட்டும் தெரியும். கீபோட்காரரின் இடது கையை வைத்துச் சமாளிக்கலாம், நானும் சமாளித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறது. குத்துப்பாட்டு வந்தால் அது தாங்காது.

எங்கே பார்ப்பது

முதலில் தப்புக்காரர்களைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் மணிக்கணக்கில் தப்படிக்கிற இளைஞனிடம், பேஸ்காரருக்கு வேண்டியவற்றில் முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கிறது. தாளம் ஓடாது, இழுக்காது. பக்கத்து ஆள் என்ன அடிக்கிறான் என்று காது கொடுப்பான். ஒரே அடியைச் சலிக்காமல் அரைமணி நேரம் அடிப்பான். நாலு கம்பியில் சுரம் எங்கே இருக்கிறது என்பது ஒன்றுதான் பாக்கி. லீட் கிட்டாரிலிருந்து இறங்கி வருகிறவருக்குச் சுரம் தெரியும், சும்மா இருக்கத் தெரியாது. இரண்டு அடிக்கு நடுவிலுள்ள இடைவெளியை விரல் வித்தையால் நிரப்பிக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கத்தை விடவைப்பது, சுரம் கற்பிப்பதைவிடப் பெரிய வேலை.

அடுத்தது கிறிஸ்தவ சபைகள். ஆராதனைக் குழுவில் வாரந்தோறும் வாசிக்கிறவர் ஒழுங்காக வருகிறவர். பாடுகிறவரின் குரலைப் பின்தொடரப் பழகியவர். ஆனால் ஞாயிறு காலை ஆராதனை இருக்கிறவரைச் சனிக்கிழமை இரவு இரண்டு மணிவரை மேடையில் நிறுத்திவைக்க முடியாது. சினிமாப் பாட்டு வாசிக்கலாமா என்பதையும் அவர் தம் போதகரிடம் கேட்கவேண்டியிருக்கும். போதகருக்குத் தெரியாமல் வாசிக்கவைக்காதீர்கள். நீங்களே போதகரிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள். ஆகாது என்றால் விட்டுவிடுங்கள்.

டவுனில் சிங்களக் குழுக்களில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பைலா வாசித்த கைக்கு ஆறெட்டுத் தாளம் தண்ணீர் பட்ட பாடு. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யைக் கேட்காத திருவிழாச் சபை நம் பக்கத்தில் அபூர்வம் என்பதால் அது பெரிய வசதி. தமிழ்ப் பாட்டை வரியாகத் தெரியாதவருக்கு, பல்லவி எங்கே முடிகிறது, சரணம் எங்கே தொடங்குகிறது என்று சிங்களத்தில் எழுதிக்கொடுங்கள். வெசாக் காலத்தில் பக்திகீத நிகழ்ச்சிகள் அவரை இழுக்கும். மே மாதத் திருவிழாவுக்கு அவரை மட்டும் நம்பாதீர்கள்.

கொழும்பில் கடையில் வேலை செய்கிற நம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வாசிப்பில் கெட்டிக்காரர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார்கள். ஆனால் லீவு முதலாளியின் கையில் இருக்கிறது. அப்படிப்பட்டவரை நிரந்தர ஆளாக நினைக்காமல், இரண்டாவது ஆளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளைக் கேட்கவே மறந்துவிடுகிறோம். மும்பையைச் சேர்ந்த மோகினி டே ரகுமானோடு மேடையேறி பேஸ் வாசிப்பதை இன்று நம் பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் சபையிலும் கீபோட் வாசிக்கிற தங்கச்சிமார் தோட்டங்களில் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் நேரில் பேசுங்கள். எந்த வாகனத்தில் போகிறோம், கூட யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வாசலில் இறக்கிவிடுவோம் என்ற மூன்றுக்கும் தெளிவான பதிலோடு போங்கள்.

ஆளைப் பார்க்கிற விதம்

‘உனக்குப் பிடித்ததை வாசித்துக் காட்டு தம்பி’ என்று கேட்காதீர்கள். மூன்று நாளுக்கு முன்பே மூன்று பாட்டைக் கொடுங்கள்: ஒரு மெலடி, ஒரு குத்து, ஒரு பைலா. வந்ததும் மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டு, ட்ரம்ஸோடு மட்டும் ஐந்து நிமிடம் வாசிக்கவிடுங்கள். மூன்றாவது நிமிடத்தில் வேகம் கூடுகிறதா என்று பாருங்கள்; அநேகமாகக் கூடும். பிறகு பாடுகிற தங்கச்சியை ஒரு கட்டை ஏற்றிப் பாடச் சொல்லுங்கள். பேஸில் அரைக்கட்டைக்கு ஒரு பிரெட் என்பதால் இரண்டு பிரெட் மேலே போனால் அதே விரலமைப்பு அப்படியே வரும். இது தெரிந்தவர் சிரித்துக்கொண்டே நகர்வார். தெரியாவிட்டாலும் பாதகமில்லை; சொல்லிக்கொடுத்ததும் பிடித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். சுருதி சேர்த்துக்கொண்டு வந்தாரா, பாட்டைக் கேட்டுவிட்டு வந்தாரா, சொன்ன நேரத்துக்கு வந்தாரா என்பவற்றுக்கு நான் வாசிப்பைவிட அதிகப் புள்ளி கொடுப்பேன்.

காசுக் கணக்கு

நம்பகம் குலைவதற்கு முதல் காரணம் காசு. குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு ப்ரெக்டிஸுக்காக இரண்டு அரைப்பேர் போகிறது. அது ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். கச்சேரிச் சனிக்கிழமை இன்னொரு பேர். விடிய வீடு வந்து படுத்தால் ஞாயிறு கைக்காசும் போச்சு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. ஞாயிறையும் ஒரு நாளாக வைத்தால் மூன்று நாளுக்கு 4050. அதற்குக் கீழே நீங்கள் எதைக் கொடுத்தாலும், அவர் தம் வீட்டுக் காசைப் போட்டு உங்கள் கச்சேரிக்கு வாசிக்கிறார் என்று அர்த்தம். இன்றைய சம்பளத்தை வைத்து இந்தக் கணக்கை நீங்களே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். பஸ் காசும் சாப்பாடும் இதில் சேராது.

பாட்டுக்காரருக்கு ஒரு தொகை, லீட் கிட்டாருக்கு ஒரு தொகை, மிச்சம் பேஸுக்கு என்று பிரிக்கிற குழுவில் பேஸ்காரர் நிற்கமாட்டார், நிற்கவும் வேண்டியதில்லை. வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பேர் போடுங்கள். கோவில் கமிட்டி அட்வான்ஸ் தந்த அன்றே அவருடைய அட்வான்ஸையும் கொடுத்துவிடுங்கள். கையில் காசு வாங்கியவர் கடைசி நேரத்தில் போனை நிறுத்திவைக்கக் கூச்சப்படுவார்.

நேரத்தையும் வேலைக்கேற்ப வையுங்கள். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர் விடியலில் தொடங்கி, பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பகலுக்கு மேல் ஓய்ந்திருப்பார். அவருக்குப் பின்னேர ப்ரெக்டிஸில் பேர் போகாது. இராத்திரி ப்ரெக்டிஸ் வைத்தால் மறுநாள் வெட்டு போய்விடும்.

மழையும் வழியும்

எட்டியாந்தோட்டையில் இருக்கிறவரை இறக்குவானைக் கச்சேரிக்கு நம்பினால் நடுவில் அரை மாகாணம் கிடக்கிறது. ஒரு காலத்தில் இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்க வரை போன களனிவெளி ரயில் இப்போது அவிசாவளையோடு நின்றுவிடுகிறது, அதற்கப்பால் பஸ்தான். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் இரத்தினபுரியை வெள்ளம் மூடியது. மே, ஜூன், ஒக்டோபர், நவம்பர் கச்சேரிகளுக்குத் தூரத்து ஆளை முதல் நாளே வரச் சொல்லிப் படுக்க இடமும் கொடுங்கள். என்னைக் கேட்டால், பத்து மைலுக்குள் இருக்கிற சுமாரான வாசிப்புக்காரரையே எடுப்பேன்.

இந்த ஈரம் வாத்தியத்தையும் விடாது. கம்பி துருப்பிடிக்கும், கழுத்து வளையும். 2022-ல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு புதிய கிட்டார் தனியாளுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. குழுப் பணத்தில் பழையது ஒன்றை வாங்கிக் குழுவின் பெயரிலேயே வைத்திருங்கள். வாங்கும்போது அடிப்பக்கத்திலிருந்து கழுத்தை ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கு இருந்தால் வேண்டாம். பட்டரி போடுகிற கிட்டார் என்றால், வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவிடவேண்டும். செருகியபடி விட்டால் பட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், அடுத்த மேடையில் மூன்றாவது பாட்டில் சத்தம் செத்துவிடும். மேடையில் பேஸ் பெட்டியை ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். தன் சத்தம் தனக்கே கேட்காத இடத்தில் நிறுத்தப்பட்டவர் இரண்டு கச்சேரிக்கு மேல் வரமாட்டார்.

அவர் வராத நாளுக்கு

எவ்வளவு நம்பகமானவருக்கும் காய்ச்சல் வரும், வீட்டில் சாவு விழும். ஒரு பாட்டுக் கொப்பி போடுங்கள். பாட்டுக்கு ஒரு பக்கம்: எத்தனை கட்டை, என்ன கோர்ட், எங்கே நிறுத்தம், முடிவு எப்படி. ரிதம் கிட்டார்காரர் அதில் பத்துப் பாட்டையாவது பேஸில் வாசிக்கத் தெரிந்துவைத்திருக்கட்டும். மொறட்டுவையில் 1969-ல் அன்டன் பெரேரா தம் பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய ஜிப்சீஸ் இசைக்குழு பல பத்தாண்டுகள் ஓடியது. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவர் பகுதியை ஒருவர் கேட்டுக்கொண்டே வளர்வார்கள். நம் குழுவில் அந்த வேலையைக் கொப்பி செய்யவேண்டும்.

ஒரு நாள் அவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலை கிடைத்துப் போவார். தடுக்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பயணத் தேதி தெரிந்ததும் இரண்டு மாதம் கேளுங்கள். ‘அண்ணே, போறதுக்கு முன்னாடி இந்தத் தம்பிக்கு இருபது பாட்டு காட்டிக் குடுத்துட்டுப் போங்க’ என்று கேட்டால் மறுக்கிறவரை நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு மாதமும் அவருக்கும் தம்பிக்கும் ப்ரெக்டிஸ் காசு கொடுங்கள். கடைசி வாரம் புதுக் கம்பி ஒரு செட் வாங்கி, இருவரையும் சேர்ந்தே மாட்டச் சொல்லுங்கள்.