கருவி காட்டியது 62, மூட்டை ஓரத்தில் இருந்தது 78

முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். சாயங்காலம் கல்லாவில் இருக்கிற பணமும் கணக்கும் ஒத்துப்போகாமல் வீட்டுக்குக் கிளம்பியது கிடையாது. அப்படிப்பட்ட நான், எட்டு மாதம் ஒரு மீட்டர் காட்டிய எண்ணை ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் நம்பினேன். என் விதையோடு போயிருந்தால் பரவாயில்லை. என்னை நம்பிக் கொண்டுவந்து வைத்த ஐந்து குடும்பத்து விதையும் சேர்ந்து போனது.

எங்கள் வடக்குத்துப் பக்கம் செம்மண் பூமி. முந்திரியும் பலாவும் போக, மல்லாட்டைதான் கையில் காசு காட்டும் பயிர். நிலக்கடலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். மார்கழிப் பட்டத்தில் போட்டு சித்திரையில் பறித்தால், அடுத்த மார்கழி வரைக்கும் விதைக் காயைக் காப்பாற்ற வேண்டும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த இரண்டு மாதம்தான் விதைக்குக் கண்டம்.

அதற்காகவே என் கொல்லையில் ஒரு பொது விதை அறை கட்டினோம். கான்கிரீட் கூரை, சின்ன ஜன்னல், எலி புகாத கதவு. கூடவே, தொழிற்சாலைகளில் மாட்டுகிற வகையில் ஒரு ஈரப்பதக் கருவியும் வாங்கினேன். இரும்புப் பெட்டி, சிவப்பு எழுத்தில் எண் எரியும் முகப்பு, வீட்டுத் திண்ணை வரைக்கும் ஒயர். பார்க்க நம்பிக்கையாக இருந்தது. நம்பிக்கையும் வைத்துவிட்டேன்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லை அள்ளிப் போட்டு 17 சதம் இருக்கா என்று பார்க்கிறார்களே, அது வேறு கருவி. அது தானியத்துக்குள் இருக்கிற தண்ணீரை அளக்கிறது. நான் சொல்வது காற்றில் இருக்கிற ஈரத்தை அளப்பது. காற்று எப்படியோ, கொஞ்ச நாளில் விதையும் அப்படி ஆகிவிடும். காய்ந்த விதையை ஈரக் காற்றில் வைத்தால் இழுத்துக்கொள்ளும்; ஈர விதையைக் காய்ந்த காற்றில் வைத்தால் விட்டுக்கொடுக்கும். அதனால் விதை அறைக்குக் காற்றின் ஈரமே முக்கியம்.

கருவி காட்டும் எண் 'ஒப்பு ஈரப்பதம்'. இதைப் புரிந்துகொள்ளாமல் கருவி வாங்கிப் பயனில்லை. எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். வங்கியில் கடன் வரம்பு என்று ஒன்று கொடுப்போம். ஒரு லட்சம் வரம்பில் அறுபதாயிரம் எடுத்திருந்தால் 60 சதம். காற்றுக்கும் அப்படி ஒரு வரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்பு சூட்டைப் பொறுத்து மாறும். 30 டிகிரி சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான். பகலில் 30 டிகிரியில் 18 கிராம் இருந்தால் கருவி 60 காட்டும். அதே காற்று ராத்திரி 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் வரம்பு தாண்டிவிடும். தாண்டினது பனியாக இறங்கும். சாக்குக்கு அடியில் காலையில் ஈரம் பிசுபிசுக்கிறது இதனால்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, ஆனாலும் நனைந்துவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மழைக்காலம் முழுக்கக் கருவி 60, 62, 63 என்றே காட்டியது. 65-க்குக் கீழே இருந்தால் மல்லாட்டைக்குப் பயமில்லை என்று படித்திருந்தேன். தினமும் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே எண்ணைப் பார்த்து நிம்மதியானேன். மார்கழி பிறந்தது. வழக்கப்படி நூறு பருப்பை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தேன். நாற்பத்தொன்று முளைத்தது. விதைச் சான்றளிப்பில் நிலக்கடலைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 70 சதம். மூட்டையைக் கவிழ்த்தால் அடியில் இருந்த காயில் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சாணம்.

"சாரு, மிசினு நல்லாத்தான காட்டுச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் பக்கத்துக் கொல்லை ஆயா. என்ன பதில் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒருவர், நிலக்கரி நிறுவனத்தில் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், நகரியத்தில் இருக்கிறார். வெட்டி எடுக்கும்போது எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கிற பழுப்பு நிலக்கரியோடு காலம் தள்ளிய ஊர் இது. ஈரத்தை அளப்பது இங்கே பலருக்கு ஜீவனமாக இருந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "உப்புச் சோதனை பண்ணீங்களா?" நான் பண்ணவில்லை. அன்றைக்கே செய்து காட்டினார்.

இதற்குச் செலவே கிடையாது. வாய் அகன்ற கண்ணாடிச் சீசா ஒன்று. சின்ன மூடியில் இரண்டு ஸ்பூன் தூள் உப்பு. கல்லுப்பு வேண்டாம், அதில் மக்னீசியம் கலந்திருந்தால் எண் கீழே இழுக்கும். உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் மாதிரி ஆக்க வேண்டும். கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது, உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடியைச் சீசா அடியில் வைத்து, கருவியின் உணரியை உப்பில் படாமல் மேலே தொங்கவிட்டு, வாயை மெழுகோ டேப்போ போட்டு இறுக்கி, வெயில் படாத இடத்தில் ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் அந்தச் சீசாவுக்குள் காற்று 75 சதத்தில் போய் நிற்கும். உலகத்தில் எந்த மூலையில் செய்தாலும் அதே 75-தான். சோதனைக் கூடங்களிலும் இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. கருவி 75 காட்டினால் சரி. 70 காட்டினால் திருகாணியோ பொத்தானோ கொண்டு சரிசெய்யலாம். அந்த வசதி இல்லாத கருவி என்றால் '5 கூட்டிக்கொள்' என்று சீட்டு எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள், போதும்.

என் கருவி 74 காட்டியது! அப்படியென்றால் கருவி மேல் குற்றமில்லை. நான் குழம்பிப்போனேன்.

அவர் அடுத்து எடுத்தது இரண்டு சாதாரண வெப்பமானிகள். இரண்டையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு ஒன்றின் குமிழில் ஈரத் துணித்திரியைச் சுற்றினார். மூட்டைக்கு ஓரத்தில் பிடித்து விசிறியால் நாலைந்து நிமிஷம் வீசினார். காய்ந்தது 28, ஈரமானது 25. அட்டவணையில் பார்த்தால் 78 சதம். அதே நேரத்தில் சுவரில் இருந்த பெட்டி 62 காட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தோம். மாட்டிக் கொடுத்தவர், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று உணரியையும் 24 வோல்ட் மின்வழங்கியையும் ஒரே பெட்டியில், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தார். நானும் பார்த்துப் பாராட்டிக் காசு கொடுத்தேன். மின்வழங்கி சூடாகும். கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்தது. உணரிக்குப் பக்கத்தில் 32 டிகிரி. 28 டிகிரியில் 78 சதமாக இருக்கிற காற்றை 32-க்குச் சூடாக்கினால் 62 சதம்தான் காட்டும். ஒரு சொட்டு ஈரம் குறையவில்லை. வரம்பு மட்டும் ஏறிவிட்டது. "சார், இது உங்க அறையைப் பார்க்கலை, தன் அடுப்பையே பார்த்துக்கிட்டு இருக்குது" என்றார். நாலு டிகிரிதான். பதினோரு மூட்டை விதை.

ஆகவே கருவியை மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது முதலில் இடம். மின்வழங்கி, பல்பு, டியூப் லைட் சோக்கு எதுவும் உணரிக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கக் கூடாது. மேற்கு வெயில் வாங்கும் சுவர் ஆகாது. கதவு, ஜன்னல், மின்விசிறி நேர் எதிரே ஆகாது. மூட்டை அடுக்கின் பாதி உயரத்தில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, காற்று நடமாடும் இடத்தில் தொங்க வேண்டும். இன்னொன்று, யாரும் சொல்லாதது: ஒயர் வருகிற குழாய். மாடியிலிருந்தோ பரணிலிருந்தோ குழாய் நேராகப் பெட்டிக்குள் வந்தால், அங்கே இருக்கிற சூட்டுக் காற்று குழாய் வழியாக இறங்கி உணரி மேல் விழும். குழாய் வாயைப் பிசின் வைத்து அடைத்துவிட வேண்டும்.

மின் பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். விதை அறை இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் போட்டே ஆக வேண்டும். மெயினை அணைக்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள். அறைக்குள் 230 வோல்ட் போகாமல், மின்வழங்கியை வெளியே வைத்து 24 வோல்ட்டை மட்டும் உள்ளே விடுவது உத்தமம். அதுவே சூட்டுப் பிரச்சினைக்கும் தீர்வு. இப்போது நான் அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். உணரி ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டினால், மோட்டார் போடும்போதெல்லாம் எண் குதிக்கும். உள்ளே உமியும் தூசியும் பறக்கிறபோது பொறி தட்டுகிற சுவிட்சு அறைக்குள் இருக்கக் கூடாது. எலி ஒயரைக் கடிக்கும், அதனால் இரும்புக் குழாய்.

நீண்ட தூரம் ஒயர் இழுக்கிற கருவிகளில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். 0 சதத்துக்கு 4, 100 சதத்துக்கு 20, நடுவில் 50 என்றால் 12. ஏன் சுழியத்தில் தொடங்காமல் 4-ல் தொடங்குகிறார்கள்? ஒயர் அறுந்தால் ஓட்டம் சுழியமாகிவிடும். 'அறை காய்ந்திருக்கிறது' என்பதும் 'ஒயர் அறுந்திருக்கிறது' என்பதும் அப்போது வேறு வேறாகத் தெரியும். யாரோ நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. பஞ்சகவ்யத் தொட்டியையும் கோமியக் கேனையும் விதை அறையிலேயே வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. கோமியத்திலிருந்து வருகிற அம்மோனியா, உணரியில் உள்ள மெல்லிய படலத்தைக் கெடுத்துவிடும். எண் மெதுவாகத் தடம் மாறும், நமக்குத் தெரியாது. சாம்பிராணி, நொச்சிப் புகை, பெயிண்ட், தின்னர் வாசனையும் அப்படித்தான். புகை போடுகிற அன்று உணரியைக் கழற்றிவிடுங்கள். உணரியை விரலால் தொடவோ, வாயால் ஊதவோ, தண்ணீரில் கழுவவோ கூடாது. மேலே உள்ள வலைமூடியை மட்டும் கழற்றிக் காய்ந்த தூரிகையால் தட்டலாம். உப்புச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நான் ஆவணியில் ஒன்று, தையில் ஒன்று செய்கிறேன். ஈரக்குமிழுக்குப் பாதரச வெப்பமானி வேண்டாம், சிவப்புத் திரவம் உள்ளதே போதும். விதையும் சோறும் இருக்கிற இடத்தில் பாதரசம் சிந்தினால் வினை.

எண் ஏறுகிறது என்றால் ஜன்னலைத் திற என்பார்கள். எப்போதும் அது சரியில்லை. மழை விட்ட மதியம், வெளியே 32 டிகிரியில் 65 சதம், உள்ளே 27 டிகிரியில் 78 சதம் என்று வையுங்கள். வெளியே காய்ந்திருப்பது மாதிரித் தோன்றும். கணக்குப் போட்டால் வெளியே கனமீட்டருக்கு 22 கிராம், உள்ளே 20 கிராம். திறந்துவிட்டால் அந்த ஈரம் உள்ளே வந்து குளிர்ந்து 85-ஐத் தாண்டும். இரண்டு பக்கமும் சூட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் திறக்க வேண்டும். அதற்காகவே கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறேன்.

மல்லாட்டைக்கு ஏன் இத்தனை கவனம் என்றால், எண்ணெய் வித்து தண்ணீரைக் குறைவாகத்தான் தாங்கும். நெல் விதை 13 சதம் ஈரத்தில் இருக்கலாம். நிலக்கடலை விதை 9 சதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதைச் சான்று அளவு. தாண்டினால் முளைப்பு மட்டும் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சாண நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டார்கள். அஃப்ளாடாக்சின் என்று பெயர். மாடு தின்றால் பாலிலும் வரும், வேகவைத்தாலும் போகாது.

அந்த பதினோரு மூட்டையைச் செக்குக்காவது போட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் கஷ்டம் அப்படி. ஆனாலும் குழி வெட்டிப் புதைத்தோம். விதைக்கு உண்டான காசை ஐந்து வீட்டுக்கும் என் கையிலிருந்து கொடுத்தேன். பட்டம் தவறினதைக் கொடுக்க முடியவில்லை.

அந்த வருஷம் ஒரு வீட்டில் மட்டும் விதை நன்றாக முளைத்தது. நம்ம ஆயா வீட்டில். பாதியை என் அறைக்குக் கொடுத்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் கொள்ளாமல் அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் என் பெட்டியில் நடந்த அதே காரியம்தான் அங்கேயும்: அடியில் சூடு, அதனால் ஒப்பு ஈரப்பதம் குறைவு. என் வீட்டில் சூடு பட்டது கருவிக்கு, அவர் வீட்டில் பட்டது விதைக்கு.

இந்தச் சித்திரையிலும் ஆயா பாதிதான் கொண்டுவந்தார். மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போட்டு, சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்கியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் சூடும் ஈரமும் நோட்டில் ஏறுகிறது. வாரம் ஒருநாள் ஈரத்துணியும் விசிறியும் எடுத்து ஒத்துப் பார்க்கிறேன். நேற்று கருவி 66, துணி 67. மார்கழியில் இரண்டு வீட்டு விதையிலும் நூறு நூறு எண்ணிச் சுருட்டப் போகிறோம். ஆயா இப்போதே சிரிக்கிறார்.