காற்றும் கடனும்: கடல் வணிக ஆட்டம் எழுதப் புகுவோருக்கு

ரோல்பிளே ஆட்டத்துக்காக இடைக்காலத் துறைமுகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. ஒரு வழியையும் ஒரு தலைமுறையையும் பிடித்துக்கொள்ளுங்கள். பொதுவாக 'இடைக்காலத் துறை' என்று எழுதினால் எந்த ஊரும் கண்முன் வராது. 12ஆம் நூற்றாண்டின் மங்களூர்–ஏடன் வழியை எடுத்துப் பாருங்கள். அந்த வழியில் வணிகம் செய்தவர்களின் கடிதங்களே கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் தப்பிப் பிழைத்து நமக்குக் கிடைத்திருக்கின்றன.

2. மன்னர் வரலாற்றுக்கு முன்னால் அந்தக் கடிதங்களைப் படியுங்கள். துனிசியக் கரையிலிருந்து வந்த ஆபிரகாம் பென் யிஜு மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்தினார். இங்கிருந்து மிளகும் பாக்கும் இரும்பும் ஏடனுக்குப் போயின. அங்கிருந்து அவருக்குக் காகிதம், சர்க்கரை, உலர்திராட்சை வந்தன. ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிய உள்ளூர்க்காரர் ஒருவர் சரக்கைத் தரவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து பென் யிஜுவின் பங்காளிகள் அந்தப் பணத்தைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். ஆட்டக்காரர்களைக் கடன் வசூலிக்க அனுப்புங்கள். ஆளை மிரட்டுவதா, தவணை கொடுப்பதா, நட்டத்தை யார் தலையில் வைப்பது? மூன்று மாலைப்பொழுதுக்கு ஆட்டம் இதிலேயே இருக்கிறது.

3. நாள்காட்டியை மேசைமேல் விரித்து வையுங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று முழு வேகத்தில் அடிக்கும்போது மலபார்த் துறைகளில் கப்பல் ஒதுங்க முடியாது. ஏடன் கப்பல்கள் அந்தக் காற்று தணியும் வேளையில் கிழக்கே வரும். வடகிழக்குக் காற்றில் திரும்பும். தவறவிட்டவன் பல மாதம் கரையில் கிடப்பான். நினைத்த நாளில் கப்பலேற விடும் ஆட்டத்தில் இந்தக் கடலே இல்லை.

4. சுங்கம் பற்றிய கல்வெட்டுகளைத் தேடுங்கள். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் ஒன்று பொறித்தான். புயலில் கரையொதுங்கிய கப்பலின் சரக்கை முன்னிருந்த மன்னர்கள் பறித்துக்கொண்டார்கள். இனி சுங்கம் மட்டுமே வாங்குவோம் என்று அதில் வாக்களிக்கிறான். சந்தனம், கற்பூரம், முத்து, தந்தம் என்று தீர்வைப் பட்டியலும் உண்டு. உங்கள் விலைப்பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.

5. கப்பலுக்கு அகழாய்வு அறிக்கையைப் பாருங்கள். சீனத்தின் சுவான்சோவில் 1974இல் தோண்டியெடுத்த 13ஆம் நூற்றாண்டுக் கப்பலில் 13 அறைகள் இருந்தன. நறுமணக் கட்டைகளோடு, உடைமையாளர் பெயர் எழுதிய மரச்சீட்டுகளும் கிடைத்தன. சரக்கு பல பேருடையது. கப்பல் மூழ்கினால் நட்டமும் பல வீடுகளில் விழும்.

6. சண்டை வேண்டுமென்றால் உண்மையானதே இருக்கிறது. 1135 வாக்கில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவுக் கடற்படை ஏடனை முற்றுகையிட்டது. பெருவணிகர் ராமிஷ்டின் கப்பல்கள் வந்து சேர்ந்தபின் முற்றுகை உடைந்தது.

7. அடிமைகளைக் கதையிலிருந்து அழித்துவிடாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். பென் யிஜு 1132இல் அஷு என்ற அடிமைப் பெண்ணுக்கு மங்களூரில் விடுதலைப் பத்திரம் எழுதினார். அவருடைய வணிகத்தை ஏடனில் கவனித்த பொம்மாவும் ஓர் அடிமை. சரக்குப் பட்டியலில் ஒரு வரியாக அவர்களை விடாமல், சொந்த விருப்பமும் சொந்தக் கணக்கும் உள்ள பாத்திரங்களாக எழுதுங்கள். ஆட்டக்காரர்களில் ஒருவர் பொம்மாவாக ஆட விரும்பினால், ஏடனில் பேரம் பேசும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.