தவிட்டோடு போனது என்ன?



"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்னும் பழமொழியைக் கேளாதவர் நம்மில் யாரும் இல்லை. அச்செல்வத்தைக் காப்பதில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் நாம் அறிவோம். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எந்த மருந்துச் சரக்கின் பெயரும் அங்கே இல்லை. முன்பு உண்டது செரித்த பிறகு, பசி அறிந்து, அளவோடு உண்ண வேண்டும் என்பதே அங்கே பெரிதும் வலியுறுத்தப்படுகிறது.

ஆனால் இடைவேளை மணி அடித்ததும் நம் கை எதை நாடுகிறது? பளபளக்கும் உறையில் அடைத்த வறுவலையும், இனிப்புப் பூசிய பிஸ்கட்டையும், வண்ணக் குளிர்பானத்தையும் அல்லவா? "இயற்கை உணவே நல்லது, கடைப் பண்டம் கெடுதல்" என்று வீட்டில் பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு மறுநாள் அதையே வாங்குகிறோம். பெரியவர்கள் சொல்வது மெய்தானா? மெய்யானால் அதற்குக் காரணம் என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்து நாள் சோதனை

விவிலியத்தில் தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரத்தில் ஓர் உணவுச் சோதனை வருகிறது. பபிலோன் அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட இளைஞர் தானியேலும் அவருடைய மூன்று தோழர்களும், அரசனுடைய உணவையும் மதுவையும் மறுத்து, மரக்கறியும் தண்ணீரும் மட்டும் கேட்டனர். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, அரச உணவை உண்ட மற்ற இளைஞரைவிட அவர்கள் முகம் களையாக இருந்தது.

இது இறைச் சட்டத்துக்கு அவர்கள் காட்டிய பற்றுறுதியைப் பற்றிய வரலாறு. உணவியல் பாடம் அன்று. எனினும் ஒரு செய்தியை நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தட்டில் வைத்ததையெல்லாம் உண்டே தீர வேண்டும் என்பதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லவும் மனிதரால் முடியும். அதன் பலனைப் பொறுத்திருந்து காணவும் முடியும்.

கோழிகள் கற்பித்த பாடம்

இனி அறிவியலுக்கு வருவோம். 1890ஆம் ஆண்டையொட்டி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மேன் பெரிபெரி நோயை ஆராய்ந்துவந்தார். கால்கள் சோர்ந்து, நரம்புகள் தளர்ந்து, இறுதியில் இதயமும் ஓய்ந்துபோகும் கொடிய நோய் அது. நோய்க்குக் காரணம் ஏதோ கிருமி என்றே அந்நாளில் பலரும் எண்ணினர்.

ஆய்வுக்காக வளர்த்த கோழிகளுக்கும் ஒரு சமயம் அதே போன்ற கால் தளர்ச்சி வந்தது. சில மாதங்களில் அது தானாகவே நீங்கியும் விட்டது. விசாரித்தபோது காரணம் புலப்பட்டது. இடையில் சில மாதங்கள் அக்கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மீந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால் மீண்டும் தீட்டாத அரிசிக்கு மாற்றினர், கோழிகள் பிழைத்தன! பின்னர் ஜாவாத் தீவில் சுமார் 100 சிறைகளில் விவரம் திரட்டியபோது, தீட்டிய அரிசி உண்ட கைதிகளிடையேதான் பெரிபெரி மிகுதி என்று தெரியவந்தது.

வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு உள்ளது என்றே ஐக்மேன் முதலில் கருதினார். அவருக்குப் பின் ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல் உண்மையைச் சுட்டிக்காட்டினார். அரிசியில் எதுவும் சேரவில்லை; அதிலிருந்து ஒன்று போய்விட்டது. தவிட்டோடு போன அந்தப் பொருள்தான், இன்று நாம் வைட்டமின் பி1 அல்லது தயமின் என்று அழைக்கும் சத்து. 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயரிட்டார். ஐக்மேனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயிறு நிறைய உண்டும் ஒருவர் சத்தின்றி மெலியலாம் என்னும் உண்மையை உலகம் கற்றது இப்படித்தான்.

குன்னூரும் புழுங்கல் அரிசியும்

இந்த ஆராய்ச்சியில் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகிறது.

அக்காலத்தில் ஆந்திரக் கடற்கரையின் வடபகுதியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி காணப்பட்டது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மக்களிடையே அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு வைட்டமின் என்னும் சொல் தெரியாது. ஆனால் அவர்கள் கைப்பழக்கம் குடும்பத்தைக் காத்தது.

பக்குவம் எல்லாம் பகையா?

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நெல்லைப் புழுக்குவதும் ஒரு பக்குவ முறைதானே? மாவைப் புளிக்க வைத்து இட்லி வார்ப்பதும், பாலைக் காய்ச்சுவதும், கேழ்வரகை முளைகட்டி மாவாக்குவதும் உணவைப் பக்குவப்படுத்தும் செயல்களே. உப்பில் அயோடின் சேர்ப்பதும் அவ்வாறே. 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசாமியும் குழுவினரும் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலை நோயைக் குறைப்பதை மெய்ப்பித்தது.

மறுபுறம், 'இயற்கை' என்பதனாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. கசப்பு மரவள்ளிக் கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் அதிலுள்ள சயனைடு கேடு செய்யும். வெல்லத்தில் சிறிது இரும்புச்சத்து உண்டு என்றாலும், அதன் பெரும்பகுதி சர்க்கரையே. தேனும் அப்படியே.

ஆகவே 'இயற்கையா, செயற்கையா' என்று கேட்பதைவிட, கோழிகள் கற்பித்த வினாவைக் கேட்பதே நல்லது: இந்த உணவிலிருந்து எது போயிற்று? இதில் எது வந்து சேர்ந்தது?

கரும்பை எடுத்துக்கொள்வோம். பொங்கலன்று ஒரு துண்டுக் கரும்பைக் கடித்து மென்று முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது! தாடை வலித்துவிடும். சாறாகப் பிழிந்தால் சக்கை போய்விடுகிறது. ஒரு டம்ளரை ஒரு நிமிடத்தில் குடித்துவிடுகிறோம். சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கினால் நீரும் போகிறது. வெள்ளைச் சர்க்கரையாகும்போது இனிப்பு மட்டுமே எஞ்சுகிறது. ஒவ்வொரு படியிலும் சத்தும் நாரும் குறைகின்றன. உண்ணும் வேகமோ கூடுகிறது.

இருபது பேரின் நான்கு வாரம்

இந்த வேகம் எவ்வளவு தூரம் நம்மை இழுத்துச் செல்லும் என்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் குழுவினரும் 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மனையிலேயே தங்க வைத்தனர். இரண்டு வாரம், தொழிற்சாலையில் பெரிதும் உருமாற்றப்பட்ட உணவு. இரண்டு வாரம், காய், கனி, தானியம் போன்றவற்றைக் கொண்டு சமைத்த எளிய உணவு. பரிமாறப்பட்ட இரு வகை உணவிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு ஆகியவை ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. விருப்பப்படி எவ்வளவும் உண்ணலாம் என்பது ஏற்பாடு.

முடிவு என்ன? ஆலை உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர், விரைவாகவும் உண்டனர். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை கூடியது. எளிய உணவின்போது அதே அளவு எடை குறைந்தது. இருபது பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான் இது. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே முடிவாகாது. ஆயினும் 'போதும்' என்று வயிறு சொல்லுமுன் கை மறுபடியும் பொட்டலத்துக்குள் போய்விடுவதை நாம் நம் அனுபவத்திலேயே அறிவோம் அல்லவா?

சர்க்கரைக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வரம்பு வகுத்தது. உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து, ஒருவர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நலம். 2000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது சுமார் 6 தேக்கரண்டி. முழுப் பழத்தில் உள்ள இனிப்பு இக்கணக்கில் சேராது.

பல குளிர்பானங்களில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உள்ளது. 250 மில்லி லிட்டர் கொண்ட ஒரு சிறு புட்டியைக் குடித்தால் அந்த 25 கிராமும் அப்போதே முடிந்துவிடும். காலைக் காபியும் மாலைத் தேநீரும் கணக்கில் வருமுன்பே இந்த நிலை! நம்பிக்கை வரவில்லையென்றால், ஒரு காலி டம்ளரில் ஆறு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கண்ணால் பாருங்கள். அதை அப்படியே உண்ணச் சொன்னால் நம்மில் யார் உண்போம்?

வாயில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த இனிப்பை அமிலமாக்கிப் பற்களை அரிக்கின்றன. உடற்பருமன் கூடக் கூட, நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்று 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

பெண் பிள்ளைகளாகிய நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. வகுப்பில் ஒரு பெஞ்சில் ஐந்து பேர் அமர்ந்திருந்தால் அவர்களில் மூவர் என்று கொள்ளலாம். காலை உணவைத் தவிர்த்துவிட்டு ஓடி வருகிறோம். பதினொரு மணிக்குப் பசி மயக்கம். ஒரு பொட்டலம் பிஸ்கட்டால் அதை அடக்குகிறோம். பசி அடங்கிவிடுகிறது; இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச்சத்து கிடைக்கவில்லை. பாடம் மனத்தில் நில்லாததற்கு நம் அறிவைக் குறை கூறிக்கொள்கிறோம், தட்டைப் பார்ப்பதில்லை.

இதில் வீட்டின் வழக்கமும் கலந்திருக்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மீந்த குழம்பையும் அடிச்சோற்றையும் கடைசியில் உண்பவர் யார்? பெரும்பாலும் அம்மாதான். நாளை அந்த இடத்துக்கு நாமும் வருவோம். அம்மாவையும் நம்முடன் அமர்த்தி, கீரையையும் பயற்றையும் அவர் தட்டிலும் வைப்பது நாம் இன்றே செய்யக்கூடிய தொண்டு.

செய்யக்கூடியவை சில

1. காலை உணவைத் தவிர்க்கலாகாது. நேரமில்லையென்றால் பழைய சோறும் மோரும், அல்லது ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழும் போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

2. இடைவேளைக்கு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, சுண்டல், கொய்யா, வாழைப்பழம் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு வரலாம். இவற்றுள் பல, பொட்டலத் தீனியைவிட விலையும் குறைவு.

3. கீரை, பயறு உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ உடன் இருந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும்.

4. பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தந்தால் மறவாமல் உட்கொள்ள வேண்டும். ஆலையில் செய்ததாயிற்றே என்று அதை ஒதுக்குவது தவறு.

5. பொட்டலம் வாங்க நேர்ந்தால் பின்புறத்தைப் படிக்க வேண்டும். மூலப்பொருள்கள் அளவில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்தால் எச்சரிக்கை! குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப் என்று வேறு பெயர்களிலும் அது ஒளிந்திருக்கும்.

முடிவுரை

பிறந்த நாளன்று மிட்டாய் தின்பதோ, கிறிஸ்துமசுக்குக் கேக் வெட்டுவதோ பாவமன்று. விருந்து விருந்தாக இருக்கட்டும். நாள்தோறும் விருந்தானால் அதன் இனிமையே போய்விடும். இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. பொட்டலத்தோடு வரும் தோழியைப் பார்த்து நகைப்பது நமக்கு அழகன்று. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாயார் அவசரத்தில் கொடுத்த காசாக அது இருக்கலாம். நம் சுண்டலில் ஒரு பிடியை அவளோடு பகிர்ந்து உண்பதே நாம் கற்ற பாடத்துக்கு அடையாளம்.

நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் கற்பிக்கிறார். ஆலயத்தைப் பெருக்கி விளக்கேற்றும் நாம், இந்த ஆலயத்தையும் பேணுவோம். தானியேலைப் போல் நாமும் பத்து நாள் சோதித்துப் பார்ப்போமா? பத்து நாள் இனிப்புப் பானம் வேண்டாம். காலை உணவைத் தவிர்க்க வேண்டாம். மிச்சமாகும் காசு ஏழையரின் உண்டியலுக்குப் போகட்டும். பதினோராம் நாள் காலையில், முதல் பாட வேளையில் நம் கண்கள் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்பதை நாமே ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லிக்கொள்வோம்.