குட்டைத் தக்காளி குறைவாகக் காய்க்குமா?

செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்து ஊர்களில், வீட்டுக்குப் பின்னால் நாலு தக்காளிச் செடி வைத்திருப்பவரிடம் குட்டை ரகம் வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். "அது என்னத்த காய்க்கும்?" என்பார். செடிக்குச் செடி எண்ணினால் அவர் சொல்வது சரிதான். இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகத்துக்கு 'மருதம்' என்று பெயர். கோ 1 ரகத்தில் சடுதிமாற்றம் உண்டாக்கி எடுத்த குட்டைச் செடி அது. 100–105 நாளில் ஹெக்டேருக்கு சுமார் 40 டன் தரும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 கொஞ்சம் படர்ந்து வளரும். அது 135 நாள் எடுத்துக்கொண்டு 30 முதல் 35 டன் கொடுக்கும். பி.கே.எம். 1-ஐ 60-க்கு 45 சென்டிமீட்டரில் நட்டால் செடிக்கு 800 முதல் 950 கிராம் வரும். மருதத்தை 45-க்கு 30 என்று நெருக்கி நட்டால் செடிக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். ஆனால் அதே பாத்தியில் இரண்டு மடங்கு செடி நிற்கிறது. அதுவும் ஒரு மாதம் முன்னாலேயே பாத்தி காலியாகிவிடும்.

"ஹைபிரிட் வைத்தால் ஒரு செடிக்கே 19 கிலோ" என்ற பேச்சு பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் பற்றி வந்த செய்திகளில் கிளம்பியது. நல்ல ரகம், இலைச்சுருட்டையைத் தாங்கும். ஆனால் அந்த நிறுவனம் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு 75–80 டன். 90-க்கு 60 சென்டிமீட்டரில் நட்டதாக வைத்து வகுத்தால் செடிக்கு 4 கிலோ. சொட்டுநீரும் உரமும் முறையாகப் போகிற வயலில் கிடைக்கும் சராசரி இது. மாடியில் ஒரு பைக்குள் வேரைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் செடியிடம் இதையும் எதிர்பார்ப்பது அநியாயம்.

அடுத்தது, பக்கக் கிளையைக் கிள்ளினால் காய் பெருகும் என்பது. காணொளி பார்த்துக் கெட்ட செடிகள் நிறைய. கொடிபோல நீண்டுகொண்டே போகும் ரகத்துக்குத்தான் அந்த வைத்தியம். குட்டை ரகத்தில் ஒவ்வொரு தண்டும் ஒரு பூங்கொத்தோடு வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். 1914-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு மரபு மாற்றத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய குணம் இது. இந்த வகையில் பக்கக் கிளைதான் அடுத்த காய்ப்பு. அதைக் கிள்ளுகிறவர் காயைத்தான் கிள்ளுகிறார். மண்ணைத் தொடும் அடி இலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

செடி குட்டையென்றால் வேரும் குட்டை என்று பால் பாக்கெட்டில் நடுகிறவர்களும் உண்டு. வெயில் நாளில் மதியத்துக்குள் அது வாடிவிடும்.

நம்மூரில் அதிகம் ஏமாற்றுவது பூ உதிர்வுதான். "சத்து போதல, கொஞ்சம் யூரியா வை" என்று பக்கத்து வீட்டிலிருந்து யோசனை வரும். வைத்தால் இலை கருகருவென்று தழைக்கும், பூ மறுபடியும் கொட்டும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. பிறகு எந்த உரமும் காயைப் பிடிக்க வைக்காது. பூவின் காம்பில் நடுவே ஒரு கணு இருக்கும். வெயிலில் அந்த இடம் முதலில் மஞ்சளாகும், விரல் பட்டாலே அங்கே ஒடிந்துவிடும். சுற்றிலும் பாறைக் குன்றுகள் நிற்கிற செஞ்சிச் சீமையில் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

அதனால் மாசியில் விதைப்பது வீண்வேலை. கார்த்திகைக் கடைசியில் விதை போட்டால் தை, மாசிக் குளிரில் பூப்பிடிக்கும். மருதம் பங்குனி பாதிக்குள் காய்த்து முடித்துவிடும். அதே நாளில் போட்ட 135 நாள் ரகத்துக்குக் கடைசிப் பறிப்பு சித்திரைக்குப் போய்விடும். பிந்திப் பூத்ததில் பாதி உதிர்ந்தால் ரகத்தைத் திட்டிப் பயனில்லை.