கொள்ளிடக் கரையில் குடியிருப்போர் கவனத்துக்கு

கொள்ளிடத்தில் வெள்ளம் வர உங்கள் ஊரில் மழை பெய்ய வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் கர்நாடகத்தில் பெய்த மழையால் மேட்டூர் அணை நிரம்பி, உபரி நீர் முக்கொம்பு வழியே வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. ஆகவே வானத்தைவிட மேட்டூர் நிலவரத்தைக் கவனியுங்கள். நீர்மட்டம் 120 அடியை நெருங்கினால் மூட்டை கட்டத் தொடங்கலாம்.

ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும்.

ஆடு மாடுகளை முதல் நாளே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். மாட்டை விட்டு வரமாட்டேன் என்று நிற்கும் பெரியவரைக் கிளப்ப இதுதான் வழி. முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்; கட்டிய மாட்டால் நீந்த முடியாது.

நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் யாரை அழைத்து வருவது என்பதைத் தெருவில் இப்போதே பேசி வையுங்கள். தண்டோரா போட்ட பிறகு அதற்கு நேரமிருக்காது.

கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது.

வெள்ளம் வடிந்ததும் சேற்றில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். அடிபம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மாவட்ட அவசர உதவிக்கு: 1077.