கோழிக்குள் ஒரு ஸ்பிரிங்

கேள்வி: ஆங்கிலப் படமொன்றில் விருந்து முடிந்ததும் இரண்டு பேர் ஒரு எலும்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து உடைக்கிறார்கள். அது 'விஷ்போன்' என்கிறான் என் மகன். கார் விளம்பரத்தில் வரும் 'டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன்' இதுதானா?

பதில்: காரில் சக்கரத்தைத் தாங்கும் கைகள் கவட்டை வடிவில் இருப்பதால் வந்த பெயர் அது. உறவு அந்த உருவத்தோடு சரி.

படத்தில் பார்த்தது கோழி, வான்கோழியின் மார்புக்கு மேலே, கழுத்தடியில் இருக்கும் எலும்பு. நமக்குத் தோளுக்கு ஒன்றாக இருக்கும் காறை எலும்புகள், பறவைக்கு நடுவில் ஒட்டிப்போய் ஒரே கவட்டையாகிவிட்டன. இழுக்கும்போது பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ, அவர் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கு 'மெரிதாட்' என்று பெயர். யாருக்கு முதலில் கல்யாணம் என்று பார்க்கிற விளையாட்டு. 'விஷ்போன்' பின்னால், 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பிறந்த சொல்.

உங்கள் மகன் இழுத்துப் பார்க்க ஆசைப்பட்டால், கோழியை முழுசாக வாங்குங்கள். கறிக்கடையில் துண்டு போட்டால் இதுவும் சேர்ந்து போய்விடும். எலும்பைச் சில நாள் காயவிட வேண்டும். ஈரத்தோடு இழுத்தால் வளையுமே தவிர லேசில் உடையாது.

அந்த வளைவில்தான் விஷயமே இருக்கிறது. மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவையைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு, எக்ஸ்-ரே படமெடுத்து 1988-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். இறக்கை கீழே அடிக்கும்போது கவட்டையின் முனைகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிகின்றன. மேலே தூக்கும்போது பழையபடி சுருங்குகின்றன. அசல் ஸ்பிரிங்! காரில் ஸ்பிரிங்கைத் தனியாகத்தான் மாட்ட வேண்டும்.

இதே எலும்பு ஒரு பெரிய வழக்கையும் திசைதிருப்பியது. டைனோசர்களுக்குக் காறை எலும்பே கிடையாது, ஆகவே பறவைகள் அவற்றின் வழிவந்தவை அல்ல என்று டென்மார்க்கின் கெர்ஹார்ட் ஹைல்மன் 1926-இல் எழுதினார். பல பத்தாண்டுகள் அந்தத் தீர்ப்பே நின்றது. வேடிக்கை என்னவென்றால், மங்கோலியாவில் கிடைத்து 1924-இலேயே விவரிக்கப்பட்டிருந்த ஓவிராப்டர் என்ற டைனோசரிடம் இந்தக் கவட்டை இருந்தது. வேறு எலும்பென்று நினைத்துவிட்டார்கள். பிறகு வெலாசிராப்டரிடமும், பறக்கவே முடியாத டைரனோசாரஸிடமும் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆக, பறவைகள் பறப்பதற்கு முன்பே இந்த எலும்பு வந்துவிட்டது.