ஒரு மணி நேர விமானப் பயணத்தில் கஸ்ர் உண்டா?

மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 420 கிலோ மீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதல். "ஒரு களைப்பும் இல்லாத இப்பயணத்திற்கும் கஸ்ர் உண்டா?" என்று சகோதரர்கள் நம்மிடம் கேட்கின்றனர். சிலர் கேட்காமலேயே முழுமையாகத் தொழுது விடுகின்றனர். வேறு சிலரோ, பயணம் என்றதும் ஸுபுஹையே களாவாக்கி விடுகின்றனர். இவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம்.

இப்னு உமர், இப்னு அப்பாஸ் (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகியோர் 16 ஃபர்ஸக் தூரப் பயணத்தில் கஸ்ர் செய்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இதுவே இரண்டு மர்ஹலா. இன்றைய அளவில் 80 கிலோ மீட்டருக்கும் மேல். ஹனஃபீ மத்ஹபில் மூன்று நாள் பயணத் தூரம். நம் நாட்டு ஹனஃபீ உலமாக்கள் பலர் இதை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோ மீட்டர் எனக் கொண்டுள்ளனர். எக்கணக்கை எடுத்தாலும் 420 அதைக் கடந்து நிற்கிறது.

நேரம் குறைவதால் சட்டம் மாறாது. கடற்பயணமும் தரைப்பயணம் போன்றதே என்றும், அத்தூரத்தைக் கப்பல் சிறிது நேரத்தில் கடந்து விட்டாலும் கஸ்ர் உண்டு என்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் கூறியுள்ளார்கள். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 676-ல். விமானத்தைக் கனவிலும் காணாத காலம்! கஷ்டமில்லையே என்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். அச்சம் நீங்கிய பின்னும் கஸ்ர் ஏன் என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, அது அல்லாஹ் வழங்கிய தர்மம், அதை ஏற்றுக் கொள்ளுங்கள் என்ற கருத்திலேயே நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஹனஃபீகளுக்கோ கஸ்ர் வாஜிபாகும். வேண்டுமென்றே முழுமையாகத் தொழுவது தவறு.

ஆனால் வீட்டு வாசலைத் தாண்டியதும் ஒருவர் முஸாஃபிராகி விடுவதில்லை. ஊரின் கட்டடங்களைக் கடக்க வேண்டும். சென்னைவாசி மீனம்பாக்கத்தில் காத்திருக்கும்போது ஊருக்குள்ளேதான் இருக்கிறார். பல்லாவரம், தாம்பரம் என வீடுகள் தொடர்ந்து செல்கின்றன அல்லவா? அங்கே லுஹரைத் தொழுதால் நான்கு ரக்அத்தே. அஸரை அத்துடன் முற்படுத்திச் சேர்க்கவும் முடியாது. மதுரையில் இறங்கிய பின் அஸரை இரண்டாகத் தொழலாம். அங்கு முழுமையாகத் தொழும் இமாமைப் பின்பற்றினால் நான்குதான்.

ஸுபுஹுக்கும் மஃரிபுக்கும் கஸ்ர் இல்லை. ஸுபுஹை வேறெந்தத் தொழுகையுடனும் சேர்ப்பதும் இல்லை. அதிகாலை விமானத்தில் செல்வோர் இறங்கிப் பெட்டியைப் பெற்று வெளிவருமுன் சூரியன் உதித்து விடும். ஆகவே வக்து வந்ததும், விமானத்தில் ஏறுமுன் நிலையத்திலேயே தொழுது விடுக. ஒரு துண்டு விரிக்கும் இடம் போதும். வீட்டுப் பெண்கள் கூச்சத்தால் இதை விட்டு விடுகின்றனர். உடன் செல்லும் ஆண்கள்தாம் இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஏறிய பின்னரே வக்து வருமானால் உள்ளேயே தொழ வேண்டும். நிற்கவோ கிப்லாவை நோக்கவோ வழியில்லையேல், வக்தின் கண்ணியத்திற்காக இயன்றவாறு தொழுது, பின்னர் மீட்டித் தொழுவது ஷாஃபிஈ சட்டம்.

சென்ற ஊரில் எத்தனை நாள் தங்குவது என்ற நிய்யத்தும் முக்கியம். போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நாடினால், இறங்கியதுமே ஷாஃபிஈகளுக்குக் கஸ்ர் முடிந்து விடும். ஹனஃபீகளுக்கு அது பதினைந்து நாட்கள்.